பேராசிரியர் கொஞ்சம் வெளியே போகட்டும்!

வெளியுறவுக் கொள்கை எப்படி உருவாகிறது என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒரு பாடம் உண்டு. பல இடங்களில் வாரம் ஒரு மாணவர் விவாதத்தை நடத்த வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேராசிரியர் எங்கே இருக்கிறார்? முன்வரிசையில், மார்க் போடும் நோட்டுடன்! நடத்துகிறவர் வகுப்பைப் பார்த்துப் பேசுவதில்லை, அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார். அவர் தலையாட்டினால் வகுப்பே தலையாட்டும். இதற்குப் பெயர் விவாதமாம்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாடத்தில் தவறாமல் வருகிற கதைகளே இதைத்தான் தப்பு என்கின்றன. 1961 ஏப்ரலில், கியூபாவை விட்டு வெளியேறிய சுமார் 1,400 பேருக்குப் பயிற்சி கொடுத்து, பன்றிகள் விரிகுடாவில் இறக்கிவிட்டது அமெரிக்கா. மூன்றே நாளில் கதை முடிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பிடிபட்டார்கள். கென்னடியின் உதவியாளர் ஆர்தர் ஷ்லெசிங்கருக்கு அந்தத் திட்டம் பிடிக்கவே இல்லை. குறிப்பு எழுதிக் கொடுத்தார். ஆனால் அதிபர் உட்கார்ந்திருந்த கூட்டங்களில் பெரும்பாலும் வாயைத் திறக்கவில்லை. பிறகு வருத்தப்பட்டுப் புத்தகத்தில் எழுதினார். ஹார்வர்டில் பாடம் நடத்தியவர், புலிட்சர் பரிசு வாங்கியவர்... அவருக்கே அந்தக் கதி என்றால் இருபது வயசுப் பிள்ளை என்ன செய்யும்?

அடுத்த வருடம், 1962 அக்டோபரில், அதே கியூபாவில் சோவியத் ஏவுகணைகள். முதல் நாள் குண்டு போடும் பேச்சுதான் ஓங்கியிருந்தது. இந்த முறை கென்னடி சில கூட்டங்களுக்குப் போகவில்லை. அவர் இருந்தால் மற்றவர்கள் மனசில் இருப்பதைச் சொல்ல மாட்டார்கள் என்பதும் ஒரு காரணம் என்று தம்பி ராபர்ட் எழுதியிருக்கிறார். அடித்துப் பிடித்துப் பேசி, கடைசியில் கடலில் கப்பல்களை மறிப்பது என்று முடிவானது. (போர் தப்பியதற்கு அது மட்டுமே காரணமில்லை. குருஷ்சேவும் இறங்கி வந்தார், துருக்கி ஏவுகணைகள் பற்றி ரகசிய பேரமும் நடந்தது.)

"வாத்தியார் இல்லாவிட்டால் படிக்காமல் வந்து அரட்டை அடிப்பார்கள்" என்பார்கள். அடிப்பவர்கள் இப்போதும் அடிக்கிறார்கள், கொஞ்சம் மரியாதையாக! அந்த வெள்ளை மாளிகைக் கூட்டங்களின் ஒலிப்பதிவு 1997-லேயே எழுத்து வடிவில் புத்தகமாக வந்துவிட்டது. அதைப் படித்து, யார் சொன்னதை ஏற்கிறோம், ஏன் என்று வகுப்புக்கு முன்பே ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். மார்க்கை அதற்குப் போடுங்கள், பேச்சுக்கு வேண்டாம்.

முதல் அரைமணி நேரம் பேராசிரியர் கேண்டீனில் காபி குடிக்கட்டும். பிறகு வந்து, தப்பாகச் சொன்ன தேதிகளைத் திருத்தட்டும்.