கையெழுத்துக்கு முன் கண்ணைப் பற்றிச் சொல்லுங்கள்

முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் தெளியும் நோயாளியிடம் முதலில் சொல்லப்படுவது, 'கால் விரலை அசைங்க' என்பதுதான். விரல் அசைந்துவிட்டால் சுற்றி நிற்பவர்களுக்கு மூச்சு வரும். பல மணி நேரம் குப்புறக் கிடந்ததில் முகம் வீங்கி, இமைகள் உப்பியிருப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மிக அரிதாகச் சிலருக்கு, வீக்கம் வடிந்து இமை திறந்த பிறகும் இருட்டு விலகுவதில்லை. முதுகைச் சரிசெய்யப் படுத்தவர் பார்வையை இழந்து எழுகிறார்.

இந்த ஆபத்து மருத்துவ உலகுக்குப் புதிதல்ல. அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் 1999 முதல் இதற்கென்றே ஒரு பதிவேடு வைத்தது. அதில் சேர்ந்த 93 முதுகுத்தண்டு நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2006-இல் வெளியானது. 83 பேருக்குப் பார்வை நரம்புக்கு ரத்த ஓட்டம் குறைந்து நரம்பே செத்திருந்தது. பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரு கண்களும் பாதிக்கப்பட்டிருந்தன. கண் எங்கோ அழுந்தியிருக்கும் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் அந்த 83 பேரில் 16 பேரின் தலை மண்டையோட்டில் ஊசி பொருத்தித் தாங்கப்பட்டிருந்தது. அவர்கள் முகத்தில் எதுவுமே படவில்லை. பெரும்பாலானோர் மற்றபடி நல்ல உடல்நிலையில் இருந்தவர்கள். நூற்றுக்கு 96 பேரிடம் இரண்டில் ஒன்றாவது இருந்தது: 6 மணி நேரமோ அதற்கு மேலோ மயக்கத்தில் இருந்தார்கள், அல்லது ஒரு லிட்டரோ அதற்கு மேலோ ரத்தம் இழந்தார்கள்.

ஆக, இது யார் தலையிலோ வந்து விழும் இடி அல்ல. யாருக்கு வரக்கூடும் என்று ஓரளவு முன்பே கணிக்க முடியும். பல எலும்புகளைச் சேர்த்து ஸ்க்ரூ போடும் நீண்ட அறுவை சிகிச்சையை எதிர்நோக்கும் ஒவ்வொருவரிடமும், அவருக்குப் புரியும் மொழியில், இந்த ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். சொன்னதை ஒப்புதல் படிவத்தில் தனி வரியாக எழுத வேண்டும். இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு. அமெரிக்கச் சங்கத்தின் வழிகாட்டுதலும் இத்தகையோரிடம் இதைத் தெரிவிப்பது பற்றிப் பேசுகிறது.

நம் நாட்டில் சட்டம் இங்கே கொஞ்சம் தளர்ந்து நிற்கிறது. ஒப்புதல் பற்றி உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் 2008-இல் அளித்த தீர்ப்பு நோயாளியின் உரிமையை வலுவாக நிலைநாட்டியது. ஆனால் மிக அரிதான ஆபத்துகளைச் சொல்லி அவரை மிரட்ட வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்லிவிட்டது. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கோ சிலருக்கோ வருவது, அந்த வாசகத்தின் பின்னால் எளிதாக ஒளிந்துகொள்ளும்.

ஆஸ்திரேலியாவின் உயர் நீதிமன்றம் 1992-இல் வேறு விதமாக யோசித்தது. சிறு வயதிலேயே ஒரு கண்ணில் பார்வை கிட்டத்தட்டப் போன ஒரு பெண் அந்தக் கண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். என்னென்ன ஆகக்கூடும் என்று மருத்துவரைத் துளைத்துத் துளைத்துக் கேட்டார். நல்ல கண்ணை எதையாவது வைத்து மூடிவிடுங்கள் என்றுகூடக் கேட்டுக்கொண்டார். கடைசியில் அந்த நல்ல கண்ணும் போயிற்று. அதற்கான வாய்ப்பு 14,000-இல் ஒன்று. அதையும் சொல்லியிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். எண் சிறியதா என்பதை விட, இழக்கப்போவது அந்த மனிதருக்கு எவ்வளவு பெரியது என்பதைத்தான் அது எடைபோட்டது. நமக்கும் அந்தத் தராசுதான் வேண்டும்.

'இதையெல்லாம் சொன்னால் நோயாளி பயந்து ஓடிவிடுவார்' என்று மருத்துவர்கள் சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. கட்டி அழுத்திக் கால் செயலிழக்கும் நிலையில் இருப்பவர் ஓடிவிட்டால் இழப்பு அவருக்கே. ஆனாலும் பக்கவாதம் வரலாம், உயிரே போகலாம் என்று எழுதிய படிவத்தில் கையெழுத்திட்டுத்தான் நம் மக்கள் தியேட்டருக்குள் போகிறார்கள். கேட்டும் போகிறவர்களை, கண்ணைப் பற்றிக் கேட்டால் மட்டும் தாங்கமாட்டார்கள் என்று எப்படி முடிவு செய்கிறோம்?

சொல்வதால் நடைமுறைப் பயனும் உண்டு. பத்து மணி நேர அறுவை சிகிச்சையை ஒரே மூச்சில் முடிப்பதா, இரண்டு நாளாகப் பிரிப்பதா? பிரித்தால் செலவும் கிருமித்தொற்று அச்சமும் கூடும். சேர்த்தால் கண்ணுக்கு அபாயம் கூடலாம். இந்தக் கணக்கில் நோயாளிக்கும் பங்கு வேண்டாமா? அந்தப் பேச்சு முந்தைய நாளே, உட்கார்ந்து பேசும் நிலையில் நடக்க வேண்டும். பச்சை அங்கி மாட்டி ஸ்ட்ரெச்சரில் படுத்த பிறகு, மனைவியோ மகனோ பேனாவோடு ஓடிவரும்போது அல்ல.

தியேட்டருக்குள் செய்ய வேண்டியவையும் தெரிந்தவைதான்: தலையை இதயத்தின் மட்டத்துக்குக் கீழே இறக்காதிருப்பது, ரத்த அழுத்தத்தையும் ரத்த இழப்பையும் விடாமல் கண்காணிப்பது, கண்ணில் அழுத்தம் படாமல் அவ்வப்போது பார்ப்பது. நரம்பு ஒருமுறை செத்துவிட்டால் மீட்டெடுக்க நிரூபணமான சிகிச்சை இல்லை. ஆயினும் குறைந்த ரத்த அழுத்தத்தையும் ரத்தச் சோகையையும் உடனே சரிசெய்யவும், கண் மருத்துவரை அழைக்கவும், பார்வை குறைந்திருப்பது முதலில் தெரிந்தாக வேண்டும். அதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. 'கால் விரலை அசைங்க' என்று சொன்ன அதே குரல், இமையை மெல்ல விலக்கி, 'இது எத்தனை விரல், சொல்லுங்க' என்றும் கேட்டால் போதும்.