ஹியூஸ் ஓடிப்போனாரா?

திருவதிகையைத் தொட்டு ஓடும் கெடிலம் கடலில் கலக்கிற கடலூருக்கு எதிரே, 1783 ஜூன் 20 அன்று ஒரு கடற்சண்டை. ஆங்கிலேயத் தளபதி ஹியூஸிடம் 18 போர்க்கப்பல்கள், பிரெஞ்சுக்காரர் சுஃப்ரனிடம் 15. இருந்தும் வெற்றி தோல்வி இல்லை. இரண்டு நாள் கழித்து, நங்கூரமிட்டு நின்ற சுஃப்ரனைக் கண்டும் ஹியூஸ் சென்னைக்குத் திரும்பிவிட்டார். கடலூரை முற்றுகையிட்டிருந்த ஜெனரல் ஸ்டூவர்ட்டின் படை அம்போ!

கோழை என்பது சுலபம். ஆனால் ஹியூஸின் மாலுமிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஸ்கர்வி நோயில் படுத்துக் கிடந்தார்கள், குடிதண்ணீரும் தட்டுப்பாடு. பீரங்கியை இயக்க ஆளில்லாமல் 18 கப்பல் இருந்தென்ன? அங்கே தோற்றிருந்தால் சென்னைக்கே கடற்காவல் இருந்திருக்காது. அவர் திரும்பியது சரிதான். ஸ்டூவர்ட்டுக்கு அது அநியாயம் என்பதும் உண்மைதான்.

இதில் கூத்து என்னவென்றால், ஐரோப்பாவில் ஜனவரியிலேயே பூர்வாங்க சமாதானம் கையெழுத்தாகிவிட்டது. செய்தி கடலூருக்கு வந்து சேர்ந்தது ஜூன் கடைசியில்.