அறுநூறு அடி ஹோம் ரன்: நினைவும் அளவும்

பழைய காலத்து மட்டையாளர்கள் பந்தை 600 அடி தூரம்கூட விரட்டினார்கள், இன்றைய வீரர்களுக்கு அந்த வலு இல்லை என்ற கருத்து அமெரிக்க பேஸ்பால் ரசிகர்களிடையே தலைமுறைகளாக வழங்கிவருகிறது. அதற்குச் சான்றாகச் சில எண்களும் சொல்லப்படுகின்றன. 1919இல் டாம்பா நகரில் பேப் ரூத் அடித்தது 587 அடி. யாங்கி ஸ்டேடியத்தில் ஜாஷ் கிப்சன் அடித்தது 580 அடி. 1953இல் வாஷிங்டனில் மிக்கி மேன்டில் அடித்தது 565 அடி. அதே மேன்டில் 1963இல் அடித்த இன்னொரு பந்து, தடை ஏதும் இல்லாதிருந்தால் 734 அடி போயிருக்கும். 1976இல் சிகாகோவில் டேவ் கிங்மன் அடித்தது 630 அடி.

இவற்றுக்கு எதிரில் நிற்பது ஸ்டாட்காஸ்ட் என்னும் அளவீட்டு முறை. 2015இல் அமெரிக்காவின் முதன்மைப் பேஸ்பால் அமைப்பான மேஜர் லீக்கின் எல்லா மைதானங்களிலும் இது நடைமுறைக்கு வந்தது. இதில் பதிவான மிக நீண்ட ஹோம் ரன்களின் (மைதான எல்லைக்கு அப்பால் பறக்கும் அடிகளின்) தூரம் 505 அடி. 2018இல் டிரெவர் ஸ்டோரியும் 2019இல் நோமர் மஸாராவும் அந்தத் தூரத்தை எட்டினார்கள். 505 அடி என்பது சுமார் 154 மீட்டர். கிரிக்கெட்டில் 100 மீட்டர் தாண்டும் சிக்ஸரே பெரிதாகப் பேசப்படும் என்பதை நினைத்தால் இதன் அளவு விளங்கும். ஆனாலும் 630க்கும் 734க்கும் பக்கத்தில் 505 சிறியதாகவே தெரிகிறது. முன்னோர் பலசாலிகள், இன்றைய வீரர்கள் பின்தங்கியவர்கள் என்ற முடிவு இந்த ஒப்பீட்டிலிருந்துதான் பிறக்கிறது. அந்த ஒப்பீடு தவறானது. பழைய எண்களும் புதிய எண்களும் ஒரே பொருளை அளந்தவை அல்ல. அந்த முடிவைத் தாங்கி நிற்கும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் இது தெளிவாகும்.

முதலில் ‘தூரம்’ எதைக் குறிக்கிறது என்பதை வரையறுக்க வேண்டும். ஹோம் ரன் பந்துகள் பெரும்பாலும் தரையைத் தொடுவதில்லை. பார்வையாளர் இருக்கையிலோ கூரையிலோ விளம்பரப் பலகையிலோ மோதி நின்றுவிடுகின்றன. எனவே மூன்று வெவ்வேறு தூரங்கள் உண்டு. மட்டையாளர் நின்று அடிக்கும் ஹோம் பிளேட்டிலிருந்து பந்து மோதிய இடம் வரை உள்ளது ஒன்று. உருண்டு கிடந்த இடம் வரை உள்ளது இரண்டாவது. எதிலும் மோதாமல் மைதானத்தின் தரைமட்டம் வரை வந்திருந்தால் விழுந்திருக்கக்கூடிய இடம் வரை உள்ளது மூன்றாவது. இன்று அறிவிக்கப்படுவது இந்த மூன்றாவது தூரம். பழைய செய்திகளில் மூன்றும் கலந்து கிடக்கின்றன.

வாதம் 1: “மேன்டிலின் 565 அடி, டேப் வைத்து அளந்த தூரம்”

1953 ஏப்ரல் 17 அன்று வாஷிங்டனின் கிரிஃபித் ஸ்டேடியத்தில் சக் ஸ்டாப்ஸ் வீசிய பந்தை மேன்டில் இடப்புறமாக விரட்டினார். பந்து பார்வையாளர் பகுதியின் உச்சியில் இருந்த ஸ்கோர்போர்டின் பீர் விளம்பரத்தை உரசிக்கொண்டு வெளியே போனது. மேன்டில் ஆடிய யாங்கீஸ் அணியின் செய்தித் தொடர்பாளர் ரெட் பேட்டர்சன் மைதானத்தை விட்டு வெளியே சென்று, பந்தைக் கண்டெடுத்த சிறுவனைச் சந்தித்தார். திரும்பி வந்து 565 அடி என்று அறிவித்தார்.

அந்த எண் ஒரு கூட்டல் கணக்கு. மைதானத்தின் வேலி வரை 391 அடி, அங்கிருந்து வெளிச்சுவர் வரை 69 அடி, அதற்கப்பால் 105 அடி. கடைசி 105 அடியை பேட்டர்சன் டேப்பால் அளக்கவில்லை, காலடிகளால் எண்ணினார். பிற்காலத்தில் அவரே இதை ஒப்புக்கொண்டார். காலடிக் கணக்கில் சில அடிகள் கூடலாம், குறையலாம். அதைவிடப் பெரிய சிக்கல்கள் இரண்டு. பந்து வழியில் பலகையில் பட்டுத் திசை மாறியிருக்கிறது. மேலும், சிறுவன் பந்தை எடுத்த இடம் அது முதலில் விழுந்த இடம்தான் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அன்று காற்று வெளிப்புறமாக வீசியதும் பதிவாகியிருக்கிறது. பந்து அந்தப் பலகையைத் தொட்டது உண்மை. அதுவே மிகப் பெரிய சாதனை. 565 என்ற எண் மட்டும் அந்தச் சாதனையின் அளவு அல்ல.

விழுந்த இடமும் கிடந்த இடமும் எவ்வளவு விலகி இருக்கும் என்பதற்கு ஃபிராங்க் ராபின்சனின் ஹோம் ரன் நல்ல எடுத்துக்காட்டு. 1966 மே 8 அன்று பால்டிமோரின் மெமோரியல் ஸ்டேடியத்தில் லூயிஸ் டியான்ட் வீசிய பந்தை அவர் மைதானத்துக்கு வெளியே அனுப்பினார். அந்த ஸ்டேடியத்தை விட்டு முழுதாக வெளியேறிய ஒரே பந்து அது. காற்றில் அது கடந்த தூரம் 451 அடி. உருண்டு போய் நின்றதோ சுமார் 540 அடியில். இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 90 அடி.

வாதம் 2: “மோதும்போதும் பந்து மேலே ஏறிக்கொண்டுதான் இருந்தது”

1963 மே 22 அன்று யாங்கி ஸ்டேடியத்தில், கான்சஸ் சிட்டி அணியின் பில் ஃபிஷர் வீசிய பந்தை மேன்டில் வலப்புறக் கூரையின் முகப்பில் மோதச் செய்தார். வாழ்நாளில் தாம் அடித்தவற்றில் மிகக் கடினமான அடி அதுவே என்று மேன்டிலே சொல்லியிருக்கிறார். முகப்பு ஹோம் பிளேட்டிலிருந்து சுமார் 370 அடி தள்ளி, 110 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருந்தது. மோதியபோதும் பந்து ஏறுமுகத்தில் இருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். 734 அடி என்ற கணக்கு அந்தக் கூற்றை அப்படியே ஏற்றுக்கொண்டு போடப்பட்டது.

காற்றில் பறக்கும் பந்து தன் பயணத்தின் பாதியைச் சற்றுத் தாண்டியதும் உச்சியை எட்டி இறங்கத் தொடங்கிவிடும். 370 அடியிலும் அது ஏறிக்கொண்டிருந்தது என்றால், முழுப் பயணம் 600 அடிக்கு மேல் இருந்தாக வேண்டும். அதற்கு வேண்டிய வேகத்தில் எந்த மட்டையிலிருந்தும் பந்து புறப்பட்டதாக அளவீடு இல்லை. ஏறுவதாகத் தெரிந்தது ஒரு தோற்றமே. கீழே அமர்ந்திருப்பவருக்கு, தலைக்கு மேலே விலகிச் செல்லும் பந்து எந்தக் கணத்தில் இறங்கத் தொடங்குகிறது என்று பிரித்தறிவது கடினம். கூரை அதை இடையிலேயே நிறுத்திவிட்டால் இறக்கம் கண்ணில் படாமலே போகும்.

வாதம் 3: “போதிய வலு இருந்தால் 600 அடி இயல்பாகவே கிடைக்கும்”

மணிக்கு 100 மைல் வேகத்தில், 30 பாகைக் கோணத்தில் மட்டையை விட்டுப் புறப்படும் பந்து, காற்றே இல்லாத வெளியில் சுமார் 580 அடி செல்லும். பூமியின் காற்றில் அதே பந்து செல்வது ஏறக்குறைய 400 அடிதான். அந்த வேகத்தில் காற்றின் எதிர்ப்பு விசை பந்தின் எடையை ஒத்ததாக இருப்பதே காரணம். வேகம் கூடக்கூட எதிர்ப்பு அதைவிட விரைவாகக் கூடுகிறது. ஆகவே புறப்படும் வேகத்தில் ஒரு மைல் கூடினால் தூரத்தில் கிடைக்கும் ஆதாயம் சுமார் 5 அடி மட்டுமே. இந்தக் கணக்கின்படி, கடல்மட்ட உயரத்தில் காற்று வீசாத நாளில் 600 அடி செல்ல, பந்து மணிக்கு 140 மைல் வேகத்தில் புறப்பட வேண்டும். இதுவரை அளக்கப்பட்டதில் மிக அதிகமான புறப்படு வேகம், 2025 மே மாதம் ஓனீல் குரூஸ் அடித்த ஹோம் ரனின் 122.9 மைல்.

வேகமாக வீசப்படும் பந்தே தூரத்தைத் தந்துவிடும் என்பதும் சரியல்ல. வீச்சின் வேகம் ஒரு மைல் கூடினால் புறப்படு வேகம் ஏறக்குறைய 0.2 மைலே கூடும். மட்டையின் வேகம் ஒரு மைல் கூடினால் சுமார் 1.2 மைல் கூடும். ரூத் 40 அவுன்ஸுக்கும் மேற்பட்ட எடையுள்ள மட்டைகளைப் பயன்படுத்தினார். இன்றைய மட்டைகள் பெரும்பாலும் 31 முதல் 34 அவுன்ஸ். கனமான மட்டையை அதே விரைவில் சுழற்ற முடியாது. அதனால்தான் வீரர்கள் எடையைக் குறைத்து வேகத்தைத் தேடினார்கள்.

இயற்கை சில நேரம் கைகொடுக்கும். பின்னிருந்து வீசும் காற்று தூரத்தைக் கணிசமாகக் கூட்டும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 5,200 அடி உயரத்தில் உள்ள டென்வரில் காற்று மெலிந்திருப்பதால் பந்து 5 சதவீதம் வரை கூடுதலாகப் பறக்கும். ஸ்டோரியின் 505 அடி அங்கே அடிக்கப்பட்டதுதான். 1987இல் அதே நகரில் மைனர் லீக் வீரர் ஜோயி மேயர் அடித்ததாகச் சொல்லப்படும் 582 அடியும், மேல்தட்டில் பந்து விழுந்த இடத்தை வைத்துப் போட்ட மதிப்பீடே.

வாதம் 4: “ஆயிரக்கணக்கானோர் கண்ணால் கண்டார்கள்”

பழைய எண்களுக்கு ஆதரவான வாதங்களில் மிக வலுவானது இது. கண்ட சாட்சிகளைப் பொய்யர் என்று தள்ளிவிட முடியாது, தள்ளவும் கூடாது. அவர்கள் எதைக் கண்டார்கள் என்பதைப் பிரித்துப் பார்த்தால் போதும். கண்டது இடத்தை. தூரத்தை யாரும் காணவில்லை.

1976 ஏப்ரலில் சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில், காற்று வெளிப்புறமாக வீசிய நாளில், கிங்மன் அடித்த பந்து மைதானத்தைத் தாண்டித் தெருவைத் தாண்டி ஒரு வீட்டை எட்டியது. அந்த வீடு வரை பந்து போனதில் ஐயமில்லை. மறுநாள் நாளிதழில் 630 அடி என்று வந்தது. தெருவும் வீடும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பின்னர் போட்ட கணக்குகளில் அது 550 அடியைத் தாண்டவில்லை. சாட்சிகள் சொன்ன இடம் சரி. அச்சில் வந்த எண் தவறு.

இடத்தைப் பற்றிய நினைவு எவ்வளவு நம்பகமானது என்பதை பாஸ்டனின் ஃபென்வே பார்க் காட்டுகிறது. 1946 ஜூன் 9 அன்று ஃபிரெட் ஹட்சின்சன் வீசிய பந்தை டெட் வில்லியம்ஸ் வலப்புற இருக்கைகளின் மேல்வரிசை வரை அனுப்பினார். பந்து ஒரு பார்வையாளரின் வைக்கோல் தொப்பியைத் துளைத்தது. பகுதி 42, வரிசை 37, இருக்கை 21 என்று இடம் துல்லியமாகத் தெரிந்தது. ஹோம் பிளேட்டிலிருந்து அது 502 அடி. 1984இல் அந்த இருக்கைக்குச் சிவப்பு வண்ணம் பூசப்பட்டது. டேவிட் ஓர்டிஸ் போன்ற பிற்கால வீரர்களே இதை நம்பத் தயங்கினார்கள். ஆனால் அன்று வீசிய பலத்த காற்றைக் கணக்கில் கொண்டால் இது சாத்தியமே. இருக்கை தரைமட்டத்துக்கு மேலே இருப்பதால், தடையின்றிப் பறந்திருந்தால் பந்து இன்னும் சில அடிகள் போயிருக்கும். இங்கே ரசிகர்களின் நினைவு மிகைப்படுத்தவில்லை. எண்ணை நம்பாமல் இடத்தைக் குறித்துவைத்ததால் அது நிலைத்தது.

வாதம் 5: “இன்றைய வீரர்களுக்கு அந்த வலு இல்லை”

ஸ்டாட்காஸ்ட் பதிவுகள் இதற்கு நேர்மாறானதைச் சொல்கின்றன. ஜியான்கார்லோ ஸ்டான்டன் 2018இல் மணிக்கு 121.7 மைல் வேகத்தில் ஒரு ஹோம் ரன் அடித்தார். லீக்கின் சராசரி மட்டை வேகம் சுமார் 72 மைலாக இருக்கும்போது அவருடையது 80ஐத் தாண்டுகிறது. ஆரன் ஜட்ஜ் 2017இல் 495 அடியும், ஷோஹேய் ஓதானி 2023இல் 493 அடியும் அடித்திருக்கிறார்கள். உடற்பயிற்சியும் உணவும் மருத்துவமும் முன்னேறிய காலத்தில் மனித வலு குறைந்துபோனது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. குறைந்தது மதிப்பீட்டில் இருந்த தாராளம்தான். 1998இல் மார்க் மெக்வயர் அடித்ததாக அறிவிக்கப்பட்ட 545 அடியும் ஸ்டாட்காஸ்டுக்கு முந்தைய மதிப்பீடு. பந்தின் பாதையை யாரும் முழுதாக அளந்து அந்த எண்ணைச் சொல்லவில்லை.

வாதம் 6: “புதிய கருவிதான் குறைத்துக் காட்டுகிறது”

ஸ்டாட்காஸ்ட் தொடக்கத்தில் ரேடாரையும் கேமராக்களையும் சேர்த்துப் பயன்படுத்தியது. 2020 முதல் ஹாக்-ஐ கேமராக்களுக்கு மாறியது. கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ முறையீடுகளுக்குப் பந்தின் பாதையைக் காட்டும் அதே தொழில்நுட்பம்தான் இது. பந்து எந்த வேகத்தில், எந்தக் கோணத்தில் புறப்பட்டது என்பதோடு, மோதும் வரை எந்தப் பாதையில் சென்றது என்பதும் பதிவாகிறது. மோதியதற்குப் பின் உள்ள பகுதி மட்டுமே கணக்கிடப்படுகிறது. அந்தப் பகுதி மதிப்பீடு என்பது உண்மையே. ஆனால் அது அளந்த பாதையின் தொடர்ச்சி. பழைய மதிப்பீடுகளுக்குத் தொடக்க வேகமும் கோணமும் பாதையும் தெரியாது. இரண்டிலும் சில அடிகள் பிழை இருக்கலாம். நூறு அடிப் பிழை பழைய முறையில் மட்டுமே நேரும்.

எண்கள் விழுந்துவிட்டால் அந்த வீரர்களின் பெருமையும் விழுந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. மின்னசோட்டாவின் பழைய மெட்ரோபாலிடன் ஸ்டேடியம் இருந்த இடத்தில் இன்று ஒரு வணிக வளாகம் நிற்கிறது. 1967இல் ஹார்மன் கில்லிப்ரூ அடித்த பந்து விழுந்த இடத்தைக் காட்ட, அதன் சுவரில் ஒரு சிவப்பு நாற்காலி பொருத்தப்பட்டிருக்கிறது. வாஷிங்டனின் ஆர்எஃப்கே ஸ்டேடியத்தில் ஃபிராங்க் ஹவர்டின் பந்துகள் விழுந்த மேல்தட்டு இருக்கைகளுக்கு வெள்ளை வண்ணம் பூசப்பட்டது. மான்ட்ரியாலில் வில்லி ஸ்டார்ஜெல் 1978இல் அடித்த பந்து விழுந்த இருக்கை மஞ்சளானது. இவை எல்லாம் இடங்களைக் குறிப்பவை. அந்த இடங்களை எண்ணிப் பார்த்தாலே அந்த வலு விளங்கும்.

கிப்சனின் நிலை இன்னும் கவனத்துக்குரியது. கறுப்பின வீரர்களை மேஜர் லீக் ஒதுக்கிவைத்திருந்த காலத்தில் நீக்ரோ லீக்குகளில் ஆடியவர் அவர். 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்தார். அவருடைய ஆட்டங்கள் பலவற்றுக்குப் பதிவே இல்லை. பலவற்றுக்குப் பார்த்தவர்களின் பேச்சுதான் சாட்சி. அந்த 580 அடியை நிறுவ முடியாது. ஆனால் அவரது ஆற்றல் அந்த ஓர் எண்ணைச் சார்ந்து நிற்கவில்லை. 2024இல் நீக்ரோ லீக் புள்ளிவிவரங்கள் மேஜர் லீக் பதிவேட்டில் சேர்க்கப்பட்டபோது, .372 என்ற வாழ்நாள் பேட்டிங் சராசரியோடு கிப்சன் அனைவருக்கும் மேலே வந்தார். அவரைப் பற்றிய நினைவுகளைப் பேணியவர்கள் அவரை வரலாற்றிலிருந்து மறையவிடாமல் காத்தவர்கள்.

ஆகவே 600 அடி என்ற நம்பிக்கையைக் கைவிடுவது ரசிகர்களின் நினைவைக் கைவிடுவது ஆகாது. பந்து எங்கே போனது, எதில் மோதியது, அன்று காற்று எப்படி இருந்தது என்று நினைவு சொல்வதைச் சான்றாகக் கொள்ளலாம். எத்தனை அடி என்று அது சொல்வதை மட்டும் அளவீட்டுக்கு உட்படுத்த வேண்டும். அப்படிச் செய்தால் பழைய வீரர்களும் புதிய வீரர்களும் ஒரே வரிசையில் வந்து நிற்கிறார்கள். 500 அடி என்பது எந்தக் காலத்திலும் மிகச் சிலரே தொட்ட எல்லை. அதைத் தொட்டவர்களும் நெருங்கியவர்களும் எல்லாத் தலைமுறையிலும் இருந்திருக்கிறார்கள்.