தெரியாத மீனைத் திரும்ப விடலாமா?

போன மழைக்காலம் முடிந்த சமயம், எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு சின்ன சச்சரவு நடந்தது. அதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நாலைந்து பையன்கள் மண்புழு கோத்துத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே வழக்கமாக மாட்டுவது ஜிலேபி மீன்தான். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு குரவை கிடைக்கும். அன்று ஒருவன் தூண்டிலைச் சுண்டி இழுத்தபோது கனமாக ஏதோ வந்தது. கரையில் போட்டால், ஒரு முழ நீளத்தில் கன்னங்கரேல் என்று ஒரு மீன்! உடம்பெல்லாம் புள்ளி. செதிலுக்குப் பதில் ஓடு அடுக்கியது போலக் கெட்டியான தகடுகள். முள் மாட்டியிருந்தது வாயில் அல்ல, வால் துடுப்பில்.

உடனே கூட்டம் கூடிவிட்டது. "முதலைக் குட்டிடா" என்றார் ஒருவர். "வெள்ளத்துல வந்த கடல் மீனு" என்றார் இன்னொருவர். "விஷம், தொடாதீங்க" என்று ஒரு குரல். கூட வந்திருந்த ஒரு தங்கச்சி மட்டும் குச்சியால் மீனைப் புரட்டிப் பார்த்தாள். "அண்ணா, எங்க சித்தி வீட்டுக் கண்ணாடித் தொட்டியில கண்ணாடியில ஒட்டிக்கிட்டு இருக்குமே, அதே வாய்!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். தொட்டி மீன் விரல் அளவுதானே இருக்கும்? கடைசியில் ஒரு பாட்டி, "பாவம், வாயில்லா ஜீவன், விட்டுடுங்க கண்ணுங்களா" என்றார். மீன் மறுபடி ஏரிக்குள் போய்விட்டது.

அந்தத் தங்கச்சி சொன்னதுதான் சரி. அது 'டேங்க் கிளீனர்' என்று கடைகளில் விற்கும் மீன். தென் அமெரிக்காவின் ஆறுகளில் வாழும் ஒருவகைக் கெளுத்தி. தொட்டியில் விரல் அளவில் இருந்தாலும், ஏரியில் இடமும் தீனியும் கிடைத்தால் அரை மீட்டர் வரை வளரும். அளவைப் பார்த்து ஏமாந்தது பெரியவர்கள்தான்!

இதை அடையாளம் காண்பது கஷ்டமே இல்லை. வாய் தலைக்கு அடியில், உறிஞ்சு கிண்ணம் போல இருக்கும். பாறையிலும் கட்டையிலும் படிந்த பாசியைச் சுரண்டித் தின்பதற்காக அப்படி. அதனால்தான் மண்புழுவைக் கவ்வவில்லை, வாலில் முள் மாட்டியது. அடுத்து முதுகுத் துடுப்பைப் பாய்மரம் போல விரித்து, அதிலுள்ள கதிர்களை எண்ண வேண்டும். இதற்கு நெருங்கிய சொந்தமான இன்னொரு வகைக்கு ஏழெட்டுதான் இருக்கும். இதற்குப் பத்துக்கு மேல் இருக்கும். வயிற்றைத் திருப்பிப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். புள்ளிகள் தனித்தனியாக இருந்தால் ஒரு இனம், ஒன்றோடொன்று சேர்ந்து கோலம் போல நெளிந்திருந்தால் வேறு இனம். இரண்டும் கலந்து பிறந்தவையும் உண்டு என்பதால் விஞ்ஞானிகளே சில சமயம் குழம்புவார்கள். (துடுப்பின் முன்முள் கூரானது. நீங்கள் பெரியவர்களைப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பாருங்கள்.)

சரி, விட்டால் என்ன?

இந்த மீனின் ஆண், கரை மண்ணில் வளை தோண்டி அதற்குள் முட்டைகளைக் காவல் காக்கும். மெக்சிகோவிலும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் இப்படித் தோண்டியதால் கரை மண் சரிந்திருக்கிறது. நம் ஏரிக் கரைகளோ மண்ணால் கட்டியவை. வலையில் சிக்கினால் முள்ளும் தகடும் வலையைக் கிழித்துவிடும். கிழிந்த வலையைத் தைக்க மீனவருக்கு ஒரு நாள் பிழைப்பு போய்விடும். தண்ணீர் கெட்டுப்போனாலும் இது சாகாது. காற்றை விழுங்கி, வயிற்றாலேயே சுவாசிக்கும்! மற்ற மீன்கள் செத்து மிதக்கும் குட்டையிலும் இது மட்டும் இருக்கும். கேரளத்துக் கால்வாய்களிலும் ஆந்திரத்துக் குளங்களிலும் பரவிவிட்டது. 2020இல் காசியில், கங்கையிலேயே பிடிபட்டது.

தென் அமெரிக்காவிலிருந்து அது நீந்தி வரவில்லை. தொட்டியில் இடம் போதாமல் போனதும் யாரோ பாசத்தோடு கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் 2006இல் வீடு மாறியபோது, என் தொட்டியில் இருந்த இரண்டு மீன்களைக் கோயில் குளத்தில் விட்டவன் நான். புண்ணியம் செய்ததாக நினைத்துக்கொண்டு அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

"அப்படியானால் கொல்லச் சொல்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாட்டியின் இரக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரக்கம் கரையில் கிடந்த ஒரு மீனுக்கு மட்டும் கிடைத்தது. தண்ணீருக்குள் இருக்கும் அயிரைக்கும் விராலுக்கும் உழுவைக்கும் கிடைக்கவில்லை. நீங்கள் அதை அடிக்கவோ வெயிலில் போட்டு வதைக்கவோ வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, பக்கத்தில் மீன் பிடிக்கும் பெரியவரிடம் கொடுங்கள். படம் எடுத்து மீன்வளத் துறை அலுவலகத்தில் காட்டச் சொல்லுங்கள். ஏரிக்குள் மட்டும் திரும்பப் போகக் கூடாது.

எனக்கு உண்மையான வருத்தம் வேறு. அங்கே நின்ற பத்துப் பேரில், நம் ஏரி மீன்களில் ஐந்தின் பெயரைக்கூட யாராலும் சொல்ல முடியவில்லை. நம்முடையது எது என்றே தெரியாதபோது, வேற்றூர் மீன் எது என்று எப்படித் தெரியும்? நாம் உள்ளூர் மீன் என்று உரிமையோடு சொல்கிற ஜிலேபிகூட ஆப்பிரிக்காக்காரர்தான்! 1952இல்தான் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இரண்டே தலைமுறையில் மறந்துவிட்டோம்.

வளர்ப்பு மீன் கடைக்காரர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தொட்டிமேல் விலை எழுதி ஒட்டுகிறீர்களே, அதன் பக்கத்தில் "இது இவ்வளவு நீளம் வளரும்" என்றும் எழுதுங்கள். முழ நீளம் என்று தெரிந்தால், வாங்கும் முன் யாரும் ஒருமுறை யோசிப்பார்கள். வீட்டில் ஏற்கெனவே வளர்ந்துவிட்டதா? வாங்கிய கடையிலேயே திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் தெருமுனைக் கடைக்காரர் எடுத்துக்கொள்கிறார். காசு மட்டும் தரமாட்டாராம்.