கேட்டவுடன் கொடுக்கும் பழக்கம்

1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டுக்கு அருகே எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் வெள்ளைத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதையும், இரண்டொரு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் பிரகடனமானதையும் நம்மில் பலர் அறிவர். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த அந்த அவசரகாலம் விட்டுச்சென்றவற்றுள் இன்றளவும் நம் சட்டைப்பையில் இருப்பது அடையாள அட்டை என்பதை அதிகம் பேர் நினைத்துப் பார்ப்பதில்லை. பன்னிரண்டு வயது நிரம்பிய ஒவ்வொருவரும் புகைப்படம் எடுத்துக்கொண்டு, பெருவிரல் ரேகை வைத்து, பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று அன்றைய சர்க்கார் உத்தரவிட்டது. காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்டுக் கெரில்லாக்கள் அந்த அட்டையைப் பிடுங்கிக் கிழித்தார்கள். பட்டாளத்தார் அட்டை இல்லாதவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போன தொழிலாளிக்கு அந்தத் துண்டுக் காகிதத்தை வைத்திருப்பதும் ஆபத்து, வைத்திராததும் ஆபத்து.

இந்தப் பழங்கதையை எடுத்ததற்குக் காரணம் உண்டு. இணையத்தளங்கள் நம் சொந்த விவரங்களைச் சேகரிக்கின்றன என்ற பேச்சு எழும்போதெல்லாம், ஜனங்கள் அஜாக்கிரதையாக இருக்கிறார்கள், எதையும் படியாமல் சம்மதம் தெரிவித்துவிடுகிறார்கள் என்று படித்தவர்கள் குறை கூறுவது வழக்கமாகிவிட்டது. பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பட்டணத்துக்கு வந்து சேர்ந்த குடும்பங்களைப் பொறுத்தவரை இது பாதி நியாயம்கூட இல்லாத குற்றச்சாட்டு என்பது என் அபிப்பிராயம். தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலில் பெயர் ஏறாதவனுக்கு அன்றைய கூலி இல்லை. பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விடப்பட்ட குழந்தைக்குப் பள்ளிக்கூட வாசலிலேயே தடை. இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணிலேயே உழைத்து, குடியுரிமைக்கான நீல அட்டை கிடைக்காமல், நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டையோடு ஆயுளை முடித்துக்கொண்ட கிழவர்களும் கிழவிகளும் நம் உறவிலேயே இருந்திருக்கிறார்கள். காகிதம் இல்லாமல் இத்தனை அவதிப்பட்ட ஒரு சமூகம், மேஜைக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவர் ஒன்று கேட்டால் மூன்றை எடுத்து நீட்டுவது அறியாமையால் அன்று. நீட்டாதவன் பட்ட பாட்டைக் கண்கூடாகப் பார்த்த அநுபவத்தால்.

ஆனால் அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் ஒரு பேதம் இருக்கிறது. செக்ரோல் புத்தகம் தோட்டக் குமாஸ்தாவான கிராணியின் கையில் இருந்தது. ஆபீஸ் அலமாரியில் பூட்டப்பட்டிருந்தது. கிராணி நல்லவரோ கெட்டவரோ, தன் பெயர் யாரிடம் இருக்கிறது என்பதைப் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்ற கடைசி ஆள்கூட அறிந்திருந்தான். இன்றைக்கு நாம் ஒரு தளத்தில் பதியும் பெயரும் எண்ணும் எந்தத் தேசத்தில், எந்த நிறுவனத்தின் கணினியில், எத்தனை பிரதிகளாக இருக்கின்றன என்பது நமக்குத் தெரியாது. சில சமயம் அதைக் கேட்டு வாங்கியவருக்கே தெரியாது.

ஈப்போ லிட்டில் இந்தியாவில் ஒரு கைத்தொலைபேசிக் கடையின் முன்னே கால்மணி நேரம் நின்று பார்த்தால் போதும். சிம் கார்டு வாங்க வந்த அம்மாள், சுருக்குப்பையிலிருந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்திய அட்டையை எடுத்து நீட்டுகிறார். கடைப்பையன் அதைத் தன் கைத்தொலைபேசியிலேயே இரண்டு பக்கமும் படம் பிடிக்கிறான். திரையில் மலாயில் ஒரு நீண்ட பிரகடனம் வருகிறது. அதன் அடியில் 'சம்மதிக்கிறேன்' என்ற சிறு கட்டம். அம்மாள் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அந்தக் கட்டத்தைப் பையன் தானே நிரப்பிவிடுகிறான். "ஆயிடுச்சு ஆன்ட்டி" என்கிறான். நல்ல பையன்தான்; அம்மாளுக்கு உதவி செய்ததாகவே அவன் நினைக்கிறான். சட்டத்தின் கண்ணுக்கு அங்கே சம்மதம் நடந்தேறிவிட்டது. அந்தப் படம் அவனுடைய தொலைபேசியில் எத்தனை நாள் இருக்கும் என்பதை அம்மாளும் கேட்கவில்லை, சட்டமும் போய்ப் பார்ப்பதில்லை.

அந்த அட்டையில் உள்ள பன்னிரண்டு இலக்கங்களைச் சற்று கவனித்துப் பாருங்கள். முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த இரண்டும் பிறந்த இடத்தின் குறி, பேராக்கில் பிறந்த நம்மில் மிகப் பலருக்கு அது 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். அதாவது, என் வயதை அறிந்து, பிறந்த நாளுக்கு வாழ்த்துச் சொல்லத் தெரிந்தவரும், நான் ஈப்போக்காரன் என்று அறிந்தவருமான எவரும் என் எண்ணில் எட்டு இலக்கங்களை ஏற்கெனவே அறிந்தவராகிறார். ரகசியமாக இருக்கவே முடியாத இந்த எண்ணைத்தான் ஸ்தாபனங்கள் பலவும் ரகசியச் சாவியாகப் பாவித்து, எண்ணைச் சொன்னவரே ஆள் என்று நம்பிவிடுகின்றன. 2024ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் தேதி மலேசிய அரசாங்கம் 'பாடு' என்னும் மத்தியத் தரவுத் தளத்தைத் திறந்துவைத்து, மார்ச் முடிவதற்குள் பிரஜைகள் அனைவரும் குடும்ப வருமானம் வரை பதிய வேண்டும் என்று கேட்டபோது, அடையாள அட்டை எண்ணும் அஞ்சல் குறியீடும் தெரிந்தால் பிறர் பெயரில் கணக்குத் தொடங்கிவிட முடிகிறது என்பதை முன்னாள் துணையமைச்சர் ஓங் கியான் மிங் வெளிப்படையாகச் சுட்டிக்காட்டினார். குறை சரிசெய்யப்பட்டது என்று அறிவிப்பும் வந்தது. குறை நேர்ந்ததைவிட, கோடிக்கணக்கானவர்களுடைய வருமான விவரங்களை வைக்கும் வீட்டுக்கு இந்தப் பூட்டுப் போதும் என்று ஆரம்பத்தில் கருதினார்களே, அதுதான் எனக்கு வியப்பு.

நாமாக எழுதிக் கொடுப்பது ஒருபுறம் இருக்க, கேளாமலே எடுத்துக்கொள்ளப்படுவது வேறு. ஒரு தளத்தைத் திறந்த மாத்திரத்தில் நம் இணைப்பின் முகவரி, கருவி எந்த வகை, எந்த நேரம், எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றோம் என்பவை பதிவாகின்றன. 'குக்கி' என்ற சிறு குறிப்பு நம் கருவியிலேயே வைக்கப்பட்டு, மறுமுறை போகும்போது போன வாரம் வந்தவர் இவர்தான் என்று அடையாளம் சொல்கிறது. இவற்றில் சில இன்றியமையாதவை. குக்கி இல்லாவிட்டால் பக்கத்துக்குப் பக்கம் கடவுச்சொல் கேட்கும். விளம்பரக்காரர்கள் தளத்துக்குத் தளம் நம்மைப் பின்தொடர்வதற்காக வைக்கும் குக்கிகளுக்கு அப்படிப்பட்ட நியாயம் எதுவும் இல்லை. முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுச் சின்னத்தைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்கள், அது விவரம் போகும் வழிக்கு மட்டுமே காவல், போய்ச் சேர்ந்த இடத்துக்கு அன்று, என்பதை அறிந்துகொள்ள வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தின் யோக்கியதையை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கடவுச்சொல்லை மறந்துவிட்டேன் என்று எழுதினால், புதியதை அமைத்துக்கொள்ள வழி சொல்லும் தளம் ஒழுங்கானது. பழைய சொல்லையே எடுத்து மின்னஞ்சலில் அனுப்பிவைக்கும் தளம், அதைத் திரும்பப் படிக்கக்கூடிய வடிவத்தில் வைத்திருக்கிறது என்று பொருள். அங்கே கணக்கை மூடிவிடுவது நல்லது.

சேர்த்து வைத்தது சிதறினால் என்ன ஆகும் என்பதை 2017இல் இந்நாடு கண்டது. 4 கோடியே 62 லட்சம் கைத்தொலைபேசி எண்கள், பெயர், முகவரி, அடையாள அட்டை எண் சகிதமாக வெளியே விற்பனைக்கு வந்தன; நாட்டின் ஜனத்தொகையைக் காட்டிலும் அதிகம். தம் எண்ணும் அதில் உண்டா என்று பார்த்துக்கொள்ள ஒரு தனிமனிதர் இணையத்தில் வழி செய்தார். அதிகாரிகள் அந்தத் தளத்தை முடக்கினார்கள். பறிகொடுத்தவர்களுக்கு வீடுவீடாக அறிவிப்பு எதுவும் போகவில்லை. அறிவிக்க வேண்டும் என்று அன்று சட்டமும் இல்லை. 'மெக்காவ் மோசடி' என்று பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோமே, போலீஸ் என்றும் நீதிமன்றம் என்றும் சொல்லிக்கொண்டு அழைப்பவனை முதியவர்கள் ஏன் நம்புகிறார்கள்? அவன் எடுத்த எடுப்பில் அவர்களுடைய முழுப் பெயரையும் அட்டை எண்ணையும் வீட்டு விலாசத்தையும் பிழையில்லாமல் சொல்கிறான். நம் விவரங்களை அதிகாரத்தில் உள்ளவன்தான் அறிந்திருப்பான் என்ற தோட்டத்து நம்பிக்கை, அந்த நேரத்தில் அவர்களுக்கே எமனாகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2013 நவம்பர் 15இல்தான் அமலுக்கு வந்தது. எதற்காகக் கேட்கிறோம் என்று அறிவிக்க வேண்டும், அந்தக் காரியத்துக்கு அப்பால் பயன்படுத்தலாகாது, தேவை தீர்ந்ததும் அழித்துவிட வேண்டும், தன் விவரத்தைக் காட்டு என்று கேட்கிறவனுக்குக் காட்ட வேண்டும் என்றெல்லாம் அது விதிக்கிறது. 2024இல் செய்த திருத்தம் உச்ச அபராதத்தை 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாகவும், சிறைத்தண்டனையை இரண்டு ஆண்டிலிருந்து மூன்றாகவும் உயர்த்தியது. கசிவு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கும், பெருந்தீங்கு நேரக்கூடுமானால் அடுத்த ஏழு நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவித்தாக வேண்டும் என்ற கடமை 2025 ஜூன் முதல் வந்திருக்கிறது. நல்ல திருத்தம்; எட்டு ஆண்டு முன்னதாக வந்திருக்க வேண்டியது.

ஆயினும் இச்சட்டத்தின் 3ஆம் பிரிவு, மத்திய அரசாங்கத்துக்கும் மாநில அரசாங்கங்களுக்கும் இது பொருந்தாது என்று சொல்லிவிடுகிறது. கடைப்பையனைக் கட்டுப்படுத்தும் சட்டம், பிறப்பிலிருந்து இறப்பு வரை நம் விவரங்களை வைத்திருக்கும் மிகப் பெரிய கிராணியைத் தொடுவதில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் நாம் ஒவ்வொரு கடை வாசலிலும் காட்டிக்கொண்டு திரிந்த மைசெஜாத்ரா செயலியில், தடுப்பூசி போட்டுக்கொண்ட 30 லட்சம் பேருடைய விவரங்கள் ஒரு நிர்வாகக் கணக்கின் வழியே இறக்கப்பட்டதாக 2023இல் வெளியான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை கூறியது. ஒரு தனியார் நிறுவனம் இப்படிச் செய்திருந்தால் ஆணையர் முன் நிற்க வேண்டியிருக்கும். அரசாங்கம் சேகரிப்பது பொதுநலத்துக்காக என்பார்கள், இருக்கலாம். பொதுநலத்துக்காகச் சேகரித்ததைக் காக்கும் கடமை மட்டும் ஏன் குறைய வேண்டும்?

இன்னொன்று, 7ஆம் பிரிவு. விவரம் கேட்பவர் தரும் அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. நம் பிள்ளைகள் மலாயைச் சரளமாகப் படிக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வாளியைத் தூக்கியவர்கள், சட்ட மலாயில் எழுதிய நாலு பக்கத்துக்குச் சம்மதம் சொன்னதாகக் கொள்வது எந்த நியாயம்? இந்தியா 2023இல் இயற்றிய சட்டம், அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. அச்சட்டப்படி ஈரோட்டில் உள்ள ஒரு பாட்டி தமிழில் கேட்டுப் பெறக்கூடியதைத் தெலுக் இந்தானில் உள்ள பாட்டி கேட்க முடியாது. (அந்தச் சட்டமும் தன் அரசாங்கத்துக்குத் தாராளமாக விலக்குக் கொடுத்திருக்கிறது, அந்த விஷயத்தில் இரண்டு தேசங்களும் சகோதரர்கள்தாம்.)

தமிழில் எழுதிவிட்டால் மட்டும் எல்லோரும் படித்துவிடுவார்களா என்றால், மாட்டார்கள். நாலு பக்கத்தைத் தாய்மொழியில் கொடுத்தாலும் அது நாலு பக்கம்தான். ஆகையால்தான் கேட்பதையே குறைக்க வேண்டும் என்பதை நான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கிறேன். வாங்காத விவரம் கசிவதில்லை. இதற்குச் சட்டத் திருத்தம் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டியதில்லை. நம் கோயில்களும் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும், விழாவுக்கும் போட்டிக்கும் இணையத்தில் ஒரு படிவத்தைத் திறந்து, பெயரும் தொலைபேசி எண்ணும் போதும் என்ற இடத்தில் அட்டை எண், பிறந்த தேதி, அட்டையின் படம் எல்லாவற்றையும் வாங்கி, செயலாளரின் சொந்த மின்னஞ்சலில் வருஷக்கணக்கில் வைத்திருக்கின்றன. வாணிபத் தொடர்பில்லாத காரியங்கள் சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை என்பது அவர்களுக்குச் சௌகரியமாக இருக்கலாம். உறுப்பினருக்குச் சௌகரியம் இல்லை. அட்டையின் நகலைக் கொடுக்கும்போது குறுக்கே இரண்டு கோடு இழுத்து, 'இன்ன காரியத்துக்கு மட்டும்' என்று எழுதும் நல்ல பழக்கம் நம்மிடையே வெகுகாலமாக உண்டு. இணையத்தில் ஏற்றும் படத்திலும் அதே இரண்டு கோட்டை இழுக்க எந்தக் கருவியும் தடை சொல்வதில்லை.

2024இல் சட்டத்தைத் திருத்த உட்கார்ந்தவர்கள் அபராதத்தை உயர்த்தினார்கள், கசிவை அறிவிக்கச் சொன்னார்கள். அரசாங்கத்துக்குத் தந்த விலக்கையும் இருமொழி விதியையும் இருந்தபடியே விட்டுவிட்டு எழுந்தார்கள். பேராக்கிலிருந்து நாடாளுமன்றத்துக்குச் செல்வோர் 24 பேர். அவர்களுள் யார் இந்த இரண்டு பிரிவுகளையும் பற்றி அவையில் கேள்வி எழுப்பப் போகிறார் என்பதை, அடுத்த முறை அவர்கள் தமிழ்ப்பள்ளி விழாவுக்கு மாலை போட்டுக்கொள்ள வரும்போது கேட்கலாம்.