சொந்த வீடு இருக்கா என்று கேட்பவர்களுக்கு

மாயவரத்துச் சொந்தங்களுக்கு, டெல்லி மயூர் விஹாரிலிருந்து வணக்கம்.

டெல்லி மாப்பிள்ளையின் ஜாதகம் வந்தால், சம்பளத்துக்கு அடுத்தபடி நீங்கள் கேட்பது ‘சொந்த வீடு இருக்கா?’ பையனுக்கு இருபத்தெட்டு வயது. வீடு இல்லை என்றதும் ஜாதகம் திரும்பி வந்துவிடுகிறது. இந்த ஊரில் அந்த வயதில் வீடு இருந்தால், பெரும்பாலும் அது அப்பா வாங்கியது.

2011 கணக்கெடுப்பில் டெல்லிக் குடும்பங்களில் சுமார் 68 சதவீதம் சொந்த வீட்டில் இருந்தன, 28 சதவீதம் வாடகையில். அந்த 68-க்குள் எங்களைப் போன்றவர்கள் எந்த வயதில் போய்ச் சேர்ந்தோம் என்பதைத்தான் நீங்கள் யாரும் கேட்பதில்லை.

சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்த என் தலைமுறை கரோல் பாக் பர்சாதிகளில் தொடங்கியது. மொட்டைமாடியில் ஒற்றை அறை. மே மாதம் கொதிக்கும், ஜனவரியில் விறைக்கும். சீனியாரிட்டி ஏறியதும் ஆர்.கே.புரத்திலோ சரோஜினி நகரிலோ குவார்ட்டர்ஸ். வாடகைப்படி போய்விடும், ஆனால் கட்டும் லைசென்ஸ் கட்டணம் சொற்பம். ஆர்.கே.புரம் கிடைத்தவர்களுக்கு மலை மந்திரும் தமிழ்ச் சங்கமும் பக்கத்திலேயே. இருபது வருஷம் வீட்டைப் பற்றி நினைக்காமலே ஓடிவிடும். ரிட்டயர் ஆன சில மாதங்களில் சாவியைக் கொடுத்தாக வேண்டும்! ஆகவே எங்களில் பலருக்குச் சொந்த வீடு என்பது ஐம்பத்தைந்துக்கு மேல் வந்த யோசனை. பி.எஃப்., கிராஜுவிட்டி, கூடவே ஊரில் பாகத்தை விற்ற பணம். ‘பூர்வீகத்தை வித்துத் தின்னுட்டான்’ என்று நீங்கள் பேசினீர்களே, அதே பணம்தான்.

முன்யோசனைக்காரர்களும் உண்டு. 1979-இல் டெல்லி வளர்ச்சி ஆணையமான டிடிஏ புதிய பதிவுத் திட்டம் அறிவித்தபோது சுமார் 1.7 லட்சம் பேர் பணம் கட்டினார்கள். வீடு கைக்கு வரப் பலருக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. மாடியையும் குலுக்கல்தான் தீர்மானித்தது. முப்பத்தைந்தில் மனுப் போட்டவருக்கு, முழங்கால் வலி தொடங்கும் வயதில், லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி! எழுபதைத் தாண்டியதும் அதை வாடகைக்கு விட்டுவிட்டு, பக்கத்திலேயே தரைத்தளத்தில் வாடகைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். சொந்த வீட்டுக்காரர்களாகவே மறுபடி குடித்தனக்காரர்கள் ஆனவர்கள்.

இன்றைய பையன்களுக்கு நொய்டாவிலும் குருகிராமிலும் தனியார் வேலை. குவார்ட்டர்ஸ் என்ற பேச்சே இல்லை. பதினோரு மாத ஒப்பந்தம்தான், ஏனென்றால் ஒரு வருஷத்துக்கு மேல் எழுதினால் பதிவு செய்ய வேண்டும். முடிந்ததும் வாடகை ஏறும், அல்லது மூட்டை கட்ட வேண்டும். அவசரப்பட்டு முப்பதிலேயே கடன் வாங்கியவர்கள் கதையும் கேளுங்கள்: ஆம்ரபாலி என்ற கட்டுமானக் குழுமத்தில் பணம் கட்டிய 42,000-க்கும் மேற்பட்டோர் வீடில்லாமல் நின்றார்கள். 2019-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, கட்டி முடிக்கும் பொறுப்பை அரசு நிறுவனமான என்பிசிசியிடம் கொடுத்தது. வீடு கைக்கு வரும்வரை பலர் ஒரு கையால் இஎம்ஐ, மறுகையால் வாடகை கட்டினார்கள். உங்கள் கணக்கில் இவர்கள்தான் ‘சொந்த வீட்டு மாப்பிள்ளைகள்’.

அடுத்த ஜாதகம் வரும்போது, கடன் பாக்கி எவ்வளவு என்று கேளுங்கள். ஒரே வீட்டுக்காரரிடம் சண்டையில்லாமல் எத்தனை ஒப்பந்தம் புதுப்பித்தான் என்றும் கேளுங்கள். பையனின் குணம் அதில் நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் டெல்லிக்காரன்