ஒரு புள்ளி பாதை ஆகாது

இது கணனி யுகம். தம் பிள்ளைகள் கணனித் துறையில் கற்றுத் தேறி உயர்நிலை அடைதல் வேண்டும் என்று விரும்பாத தமிழ்ப் பெற்றோரைப் பலேர்மோ நகரில் காண்பது அரிது. பகல் முழுவதும் பிறர் வீடுகளிலும் கடைகளிலும் உழைத்துச் சேர்த்த பணத்தில் பிள்ளைகளுக்குக் கணனி வாங்கிக் கொடுக்கும் அவர்களது ஆர்வம் போற்றுதற்குரியது. ஆயினும் கணனி ஒரு கருவியே. அக்கருவியை இயக்கும் அறிவு யாது என்று நாம் சிந்திப்பது குறைவு. தரவுகளைத் திரட்டி, அவற்றிலுள்ள வழுக்களை அளந்து, அவற்றினின்றும் உண்மையை ஊகித்து அறியும் புள்ளிவிபரவியல், அவ்வறிவின் அடித்தளங்களுள் முதன்மையான ஒன்றாகும்.

அந்த அறிவின் வரலாற்றில் நாம் வாழும் இந்நகருக்குச் சிறப்பான இடம் உண்டு. அதனை எமது மாணவர் அறிதல் வேண்டும். அது புகட்டும் பாடத்தைப் பெற்றோர் தம் பிள்ளைகளின் கல்வி பற்றி முடிவெடுக்கும் வேளையில் நினைவிற் கொள்ளல் வேண்டும். இவ்விரண்டையும் வலியுறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரண்மனைக் கோபுரத்தில்

பல்லாறோ சந்தையிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தூரத்தில் நோர்மானியர் அரண்மனை அமைந்துள்ளது. மாணவர் பலர் அதனுள் இருக்கும் சிற்றாலயத்தின் பொன்னிற ஓவியங்களைக் கண்டிருப்பர். அதே அரண்மனையின் கோபுரம் ஒன்றில் 1790 ஆம் ஆண்டில் வானாய்வு நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. அதனை நடத்தியவர் ஜுசெப்பே பியாட்ஸி என்னும் கத்தோலிக்கத் துறவி. லண்டனில் ராம்ஸ்டன் என்னும் கைவினைஞர் 1789 இல் செய்து முடித்த ஐந்தடி விட்டமுள்ள வட்டக் கருவியே அவருடைய பெருஞ்செல்வம். அக்கருவியை இன்றும் அவ்வரண்மனையில் காணலாம்.

பியாட்ஸியிடம் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. எந்த விண்மீனையும் ஒருமுறை மட்டும் அளந்து அவர் மனநிறைவு கொள்வதில்லை. பல இரவுகள் திரும்பத் திரும்ப அளந்த பின்னரே அதன் இடத்தைப் பட்டியலில் எழுதுவார். 1801 ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் இரவு, இடப விண்மீன் குழுவில் மங்கிய ஒளிப்புள்ளி ஒன்றைக் கண்டு குறித்துக்கொண்டார். அடுத்த இரவு நோக்கியபோது அது சற்று இடம் மாறியிருந்தது. அதற்கு அடுத்த இரவு மேலும் மாறியிருந்தது. முதலில் வால்மீன் என்றே அதனை அறிவித்தார். எனினும் வேறொன்றாகவும் இருக்கலாம் என்று தம் நண்பர் ஒருவருக்கு எழுதினார். அதற்குச் சிசிலியின் காவல் தெய்வமாகப் பண்டையோர் வணங்கிய பயிர்த் தெய்வத்தின் பெயரால் சேரேஸ் என்று பெயரிட்டார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் அதனை இன்றைய அறிஞர் குறுங்கோள் என வகைப்படுத்துவர். 2015 இல் அமெரிக்க விண்கலம் ஒன்று அதனை அடைந்தது.

ஒரே ஓர் இரவு மட்டும் பார்த்திருந்தால் அது ஆயிரம் விண்மீன்களுள் ஒன்றாகவே பதிவாகியிருக்கும். பல இரவுகள் பார்த்தமையாலேயே அது நகரும் பொருள் என்பது புலனாயிற்று.

வழுவை மறைக்காத கணிதம்

பெப்ரவரி 11 ஆம் நாள் வரையான 41 நாள்களில் பியாட்ஸி சேரேஸை 24 தடவைகள் அவதானித்தார். இடையில் நோயுற்றார். பின்னர் அது சூரியனின் ஒளியில் மறைந்துவிட்டது. சேரேஸ் சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ நான்கரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே அவர் கண்டது அதன் முழுப் பாதையில் நாற்பதில் ஒரு பங்கு மட்டுமே. அத்துணைச் சிறு துண்டைக் கொண்டு, மறைந்த பொருள் எங்கே மீண்டும் தோன்றும் என்று கூறுதல் இயலுமா?

யேர்மனியில் வாழ்ந்த 24 வயது இளைஞர் கௌஸ் அதனை இயலச் செய்தார். பியாட்ஸியின் எண்களைப் பெற்று, புதிய கணித முறை ஒன்றை வகுத்து, சேரேஸ் தோன்றும் இடத்தை முன்கூட்டியே கூறினார். 1801 ஆம் ஆண்டின் இறுதி இரவில் ஸாக் என்பவரும், அடுத்த இரவில் ஒல்பர்ஸ் என்பவரும் அவர் கூறிய இடத்திற்கு மிக அண்மையில் அதனைக் கண்டனர். பலேர்மோவின் பொறுமையான பதிவும் யேர்மனியின் கூர்மையான கணிதமும் இணைந்து, தொலைந்த பொருளை மீட்டன.

அவதானங்கள் பலவாகும்போது அவை ஒன்றோடொன்று சிறிது முரண்படும். அவற்றினின்றும் பொருத்தமான விடையைப் பெறும் வழி ‘இழிவு வர்க்க முறை’ எனப்படும். பிரான்சிய அறிஞர் லெஜாந்தர் அதனை 1805 இல் அச்சில் வெளியிட்டார். கௌஸ் 1809 இல் வெளியிட்ட நூலில் அதனை வழுக்களின் நிகழ்தகவோடு இணைத்து விளக்கினார். இன்று தரவுகளை ஆயும் கணனி நிரல்கள் பலவற்றின் உள்ளே இம்முறை இயங்குகின்றது.

மாணவர்களே, இது கடினமான மந்திரம் அன்று. ஒரு மேசையின் நீளத்தை ஐவர் அளந்து 98, 99, 100, 101, 102 சென்ரிமீற்றர் எனக் கூறுகின்றனர் என்று கொள்க. உண்மை நீளம் 100 எனக் கொண்டால், ஒவ்வொருவரின் வேறுபாட்டையும் வர்க்கித்துக் கூட்டினால் 10 வரும். உண்மை நீளம் 101 எனக் கொண்டால் அக்கூட்டுத்தொகை 15 ஆகும். கூட்டுத்தொகை மிகச் சிறிதாக வரும் விடையையே நாம் ஏற்கின்றோம். ஐவரில் எவரையும் பொய்யர் என்று ஒதுக்கவில்லை. எவர் சொல்லையும் முழு உண்மை என்று கொள்ளவும் இல்லை. அளவீடு எதிலும் வழு உண்டு என்பதை ஏற்று, அதனை வெளிப்படையாகக் கணக்கில் எடுக்கின்றோம். புள்ளிவிபரவியலின் நேர்மை இதுவே.

பலேர்மோவின் மைந்தரும் சென்னையின் மைந்தரும்

1875 இல் இந்நகரிலே பிறந்த பிரான்செஸ்கோ பவோலோ கன்தெல்லி, பலேர்மோ பல்கலைக்கழகத்தில் 1899 இல் கணிதப் பட்டம் பெற்று, 1903 வரை இங்குள்ள வானாய்வு நிலையத்திலே பணிபுரிந்தார். பின்னர் காப்புறுதிக் கணிப்பாளராகவும் பேராசிரியராகவும் விளங்கினார். 1933 இல் அவரும் உருசிய நாட்டுக் கிளிவென்கோவும் நிறுவிய தேற்றம் இருவர் பெயராலும் வழங்குகின்றது. ஒரே மூலத்திலிருந்து ஒன்றையொன்று சாராது எடுக்கப்பட்ட அவதானங்கள் பெருகப் பெருக, அவை காட்டும் பரம்பல் உண்மைப் பரம்பலை நெருங்கும் என்பது அதன் சாரம். வாப்னிக், செர்வோனென்கிஸ் என்னும் இரு அறிஞர் 1971 இல் இக்கருத்தை விரிவாக்கினர். எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கணனி எவ்வாறு கற்கின்றது என்பதை விளக்கும் கோட்பாட்டுக்கு அது அடிப்படை ஆயிற்று.

கன்தெல்லி நடத்திய சஞ்சிகையில் அதே 1933 இல் இத்தாலிய மொழியில் ஒரு கட்டுரை எழுதியவர் உருசியப் பேரறிஞர் கொல்மொகொரொவ். அவர் 1962 இல் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தபோது, அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்த ஓர் இளைஞரின் உரையைக் கேட்டார். பின்னர் அவ்விளைஞரின் ஆய்வேட்டை மதிப்பிட்டோருள் ஒருவரும் ஆனார். அவ்விளைஞரே 1940 இல் சென்னையில் பிறந்து, அங்குள்ள மாநிலக் கல்லூரியில் பயின்ற சீனிவாச வரதன். மிக அரிதாக நிகழ்வனவற்றின் நிகழ்தகவை அளக்கும் கோட்பாட்டை உருவாக்கியமைக்காக 2007 இல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளுள் ஒன்றான ஏபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. பலேர்மோவில் பிறந்த அறிவும் தமிழகத்தில் பிறந்த அறிவும் ஒரே நீரோட்டத்தில் கலந்துள்ளன. ஆதலின் எம் பிள்ளைகள் இத்துறையில் விருந்தினர் அல்லர், உரிமையுடையோரே.

பிள்ளைகளும் நகரும் பொருள்களே

இனி, இக்கட்டுரையின் முதன்மைக் கருத்துக்கு வருவோம். இந்நாட்டில் பிள்ளைகள் பதின்மூன்று வயதளவில், மேடியாவின் மூன்றாம் ஆண்டில், மேல்நிலைப் பாடசாலையைத் தெரிவு செய்தல் வேண்டும். லிச்சேயோ, தொழில்நுட்பப் பாடசாலை, தொழிற் பாடசாலை என்னும் மூன்று வழிகள் உள்ளன. பாடசாலை ஆசிரியர் குழு ‘கொன்சீலியோ ஒரியென்ததீவோ’ என்னும் ஆலோசனையை எழுதித் தருகின்றது. அது ஓர் ஆலோசனையே, கட்டளை அன்று. இறுதி முடிவு குடும்பத்தினுடையது. இதனை அறியாத பெற்றோர் எம்மிடையே உளர். அத்தாளைத் தீர்ப்பாகக் கொண்டு, பிள்ளையின் விருப்பத்தைக் கேளாமலே ஒப்பமிடுகின்றனர். இத்தாலியில் குடியேறியோரின் பிள்ளைகள் லிச்சேயோவில் சேரும் விகிதம் இந்நாட்டுப் பிள்ளைகளின் விகிதத்திலும் குறைவாக இருப்பதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்று எனக் கருதுகின்றேன்.

ஆசிரியர்மீது குறை கூறுவது எமது நோக்கமன்று. பல ஆண்டு அனுபவமுள்ள அவர்களது சொல்லுக்கு மதிப்பு உண்டு. தொழிற்கல்வி தாழ்ந்தது என்பதும் எமது கருத்தன்று; கைத்தொழில் வல்லார் இன்றி எந்நாடும் இயங்காது. ஐந்தாண்டு படித்து டிப்ளோமா பெற்ற எவரும், எவ்வழியில் வந்தவராயினும், பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். நாம் கூறுவது வேறு: ஆலோசனையும் ஓர் எதிர்வுகூறலே. எதிர்வுகூறல் எதனையும் அதன் பின்னுள்ள அவதானங்களை நோக்கியே எடைபோடுதல் வேண்டும்.

இரு பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். ஒருவரின் நான்கு தவணைப் புள்ளிகள் 5, 6, 7, 8. மற்றவரின் புள்ளிகள் 8, 7, 6, 5. இருவருக்கும் சராசரி ஆறரையே. சராசரியை மட்டும் பார்ப்போர் இருவரையும் ஒன்றெனக் கருதுவர். வரிசையைப் பார்ப்போருக்கோ ஒருவர் ஏறுகின்றார், மற்றவர் இறங்குகின்றார் என்பது தெளிவாகும். பியாட்ஸி கண்டதும் இதுவே அன்றோ?

இன்னொரு நுட்பமும் உண்டு. வழுக்கள் இருவகைப்படும். சில தடவை கூடியும் சில தடவை குறைந்தும் வருவது எழுமாற்று வழு; பலமுறை அளந்தால் அது குறையும். கருவியே கோணலாக இருப்பதால் எப்போதும் ஒரே பக்கம் சாய்வது முறைமை வழு. ஆயிரம் முறை அளந்தாலும் அது நீங்காது. அண்மையில் இந்நாட்டுக்கு வந்த பிள்ளை ஒன்று கணக்கை நன்கு அறிந்திருந்தும், வினாவின் இத்தாலிய வசனம் விளங்காமையால் 5 புள்ளி பெறுமாயின், அப்புள்ளி அளந்தது கணித அறிவையா, மொழி அறிவையா? மொழி வளர வளர இச்சாய்வு குறையும். அதற்கு முன்னரே பிள்ளையின் பாதையை முடிவு செய்தல் முறையாகாது.

எதிர்காலத்தில் இத்தகைய ஆலோசனைகளைக் கூறும் பணியில் கணனிகளும் பங்குபெறக் கூடும். கணனி பழைய பதிவுகளைப் பார்த்தே கற்கின்றது. முன்னைய பதிவுகளில் எம்மவர் பிள்ளைகள் ஒரே வழியில் அனுப்பப்பட்டிருந்தால், இனி வரும் பிள்ளைகளுக்கும் அது அவ்வழியையே காட்டும். “எந்தத் தரவிலிருந்து இதனைக் கூறுகின்றாய்?” என்று அதனிடம் கேட்கத் தெரிந்த தலைமுறையை உருவாக்குவது எமது கடமை.

செய்யத்தக்கவை

பெற்றோரே, பிள்ளையின் ‘பஜெல்லா’ என்னும் புள்ளி அறிக்கைகளை முதலாம் ஆண்டிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். அவற்றைப் பிள்ளையோடு அமர்ந்து வரைபாக வரைந்து பாருங்கள். ஆசிரியரைச் சந்திக்கும்போது அவ்வரைபைக் காட்டி, ஆலோசனையின் காரணங்களைப் பணிவுடன் கேளுங்கள். ஒரு சோதனையில் குறைந்த புள்ளி வந்தமைக்காக அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு வையாதீர்கள்.

தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்களே, சராசரி, நிகழ்தகவு, தரவு, வழு ஆகிய சொற்களையும் எம் மாணவருக்குக் கற்பியுங்கள். வீட்டில் பேத்தியாரோடு பிள்ளைகள் பேசும் தமிழ்ச் சொற்களை மாதந்தோறும் எண்ணிக் குறிக்கும் சிறு ஆய்வு ஒன்றை வகுப்பில் நடத்தலாம். அதனால் மொழியும் வளரும். ஆய்வு முறையும் பழகும்.

மாணவச் செல்வங்களே, கணனியில் விளையாடுவதோடு நின்றுவிடாதீர்கள். நீங்கள் கண்டதைக் கண்டபடி நேர்மையாக எழுதப் பழகுங்கள். விடை பிழைத்தால் அழித்து மறைக்காமல், எவ்வளவு பிழைத்தது, ஏன் பிழைத்தது என்று ஆராயுங்கள். அரண்மனைக் கோபுரத்தைக் கடந்து செல்லும்போது, அங்கே குளிரில் விழித்திருந்து ஒரே ஒளிப்புள்ளியை இரவுக்கு இரவு அளந்த துறவியை எண்ணிக்கொள்ளுங்கள். அவர் அதனை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு கூறவில்லை. உங்களைப் பற்றியும் எவரும் அவ்வாறு முடிவு கூறுதல் ஆகாது. நீங்களும் உங்களைப் பற்றி அவ்வாறு முடிவு கொள்ளுதல் ஆகாது.

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபு எம்முடையது. அவ்விரு கண்களாலும் உலகை நோக்கும் இளந்தலைமுறை இப்பலேர்மோ மண்ணிலிருந்து எழுக என வாழ்த்துகின்றேன்.